முயல் கண்ணுக்கு ஒரு நாள் கெடு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு அடிவாரத்துப் புதர்க்காட்டில் திரியும் காட்டு முயல் குட்டி போடுவதற்கென்று வளை தோண்டுவதில்லை. புல் மறைவில் சிறு பள்ளம் இருந்தால் அதற்குப் போதும். குட்டிகள் உடல் முழுக்க ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்துவிடும். ராஜபாளையத்தில் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி வளர்க்கும் வெள்ளை முயல் அப்படிப் பிறப்பதில்லை. அதன் குட்டிக்குப் பிறக்கும்போது ரோமம் கிடையாது, இமைகள் ஒட்டிக் கிடக்கும். கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

இரண்டும் வேறு வேறு இனங்கள். காட்டில் இருப்பது, பிடரி கறுத்த நம் நாட்டு முயலான லெப்பஸ் நைக்ரிகோலிஸ். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். வீட்டில் வளர்வது ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துப் புல்வெளிகளில் மண்ணுக்கடியில் வளை தோண்டி, வெயில் தாழ்ந்த பிறகு வெளியே வந்து மேய்ந்த முயலின் வழியில் வந்தது அது. தமிழ்நாட்டிலும் அதை ஆராய்ச்சிக்காக வளர்ப்பதற்குக் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரின் குளிர்தான் தோதாக இருந்தது. அப்படிப்பட்ட விலங்கை ராஜபாளையத்து வெயிலில், மொட்டை மாடிக் கம்பிக் கூண்டில், மாட்டுக்கு வந்த புல்கட்டில் ஒரு பிடி போட்டு வளர்க்கிறோம். அந்த வளர்ப்பில் உள்ள குறைகள் முதலில் தெரியும் இடங்களில் ஒன்று கண்.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். முயலின் கண்ணில் கீறல் பட்டாலோ, கண் கசிந்தாலோ, இமை பாதி மூடிக் கிடந்தாலோ, அதைப் பார்க்க நமக்கு ஒரு நாள்தான் கெடு. அன்றைக்கே கவனித்தால் பெரும்பாலான கண்கள் பிழைக்கும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்ட இடத்தில்தான் கண் போகிறது. இதற்கான காரணம் அந்தக் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

எல்லாப் பக்கமும் பார்க்கும் கண்

முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் சற்று மேலே, வெளியே பிதுங்கினாற்போல் அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 360 பாகைக்கும் அதனால் பார்க்க முடியும். பின்னால் பதுங்கி வரும் நரியும் தெரியும், மேலே வட்டமிடும் பருந்தும் தெரியும். தெரியாத இடம் ஒன்றே ஒன்று, அதன் மூக்குக்கு நேர் முன்னால். வாய்க்குக் கீழே கிடக்கும் இலையை அது மீசையாலும் உதட்டாலும்தான் கண்டுகொள்கிறது. புல்லுக்குள் முகத்தைப் புதைத்து மேயும்போது எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளும் கம்பி நுனியும் அதன் பார்வைக்குச் சிக்காமல் போவது அதனால்தான்.

நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிறோம். முயல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான் இமைக்கும். இமைக்கும் நொடியில் எதிரி வந்துவிடக் கூடாதே! எண்ணெய்ப்பசை மிகுந்த அதன் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் காய்வதில்லை, அதனால் இமைக்காமல் இருந்தாலும் கண் வறண்டுபோகாது. ஆனால் அந்த வசதியோடு ஒரு தொல்லையும் வருகிறது. கண்ணில் விழுந்த தூசி இமையால் துடைக்கப்படாமல் வெகுநேரம் அங்கேயே கிடக்கும். உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை ஒன்று குறுக்கே வந்து ஓரளவு காக்கும். ஆனால் அந்த இமைக்கு அடியில் புல்லின் கூர்நுனி போய்ச் சிக்கிக்கொண்டால், அது அசையும் ஒவ்வொரு முறையும் கருவிழியை உரசிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது. வேட்டைக்கு இரையாகும் விலங்கு நொண்டினால், முனகினால், அதுதான் முதலில் பிடிபடும். அதனால் கண் வலியோடு இருக்கும் முயல் கத்தாது. ஒரு கண்ணைச் சற்றே சுருக்கி வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி மூலையில் உட்கார்ந்திருக்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். தீனியைத் தொடாது. முன்னங்காலால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, அந்தக் காலின் உட்பக்க ரோமம் ஈரத்தில் திரிதிரியாக ஒட்டிப்போயிருக்கும். கண்ணைப் பார்க்கும் முன்பே அந்தக் காலைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

புல் குத்தினால்

ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பால்கோவா ஊர் என்றால் பால் மாடு இருக்கும். மாடு இருந்தால் வைக்கோலும் புல்லும் இருக்கும். முயலுக்கு அது நல்லதுதான், அதன் உணவில் பெரும்பகுதி புல்லாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மாட்டின் தடித்த நாக்குக்கு ஒன்றும் செய்யாத கொழுக்கட்டைப்புல்லின் பூங்கதிர்ச் சிலும்பலும், ஊசிப்புல்லின் கூர்விதையும் முயலின் கண் மட்டத்தில் வந்து நிற்கும்போது ஊசிகள்தான். கதிர் முற்றுவதற்கு முன் அறுத்த இளம்புல், வேலிமசால், அகத்தி ஆகியவற்றில் அந்த ஆபத்து இல்லை. வைக்கோலாக இருந்தால் உதறி, தூசி போக்கி, தரையில் பரப்பாமல் கூண்டின் ஓரத்தில் கட்டி வைப்பது நல்லது.

புல்லைத் தவிர வேறு ஆபத்துகளும் உண்டு. கூண்டைப் பின்னும்போது உள்பக்கம் மடக்காமல் விட்ட கம்பி நுனி, இரண்டு ஆண் முயல்களை ஒரே கூண்டில் விட்டால் வரும் சண்டை, பூனையின் நகம் எல்லாமே கண்ணைக் கிழிக்கும். பட்டாசுக்குப் பேர்போன சிவகாசி இருக்கும் மாவட்டம் இது. தீபாவளி இரவில் அணுகுண்டுச் சத்தத்துக்கு மிரண்ட முயல் கூண்டுக்குள் தறிகெட்டு ஓடி முகத்தை மோதிக்கொள்ளும். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது தெறிக்கும் துளி எல்லாவற்றிலும் கொடியது. சுண்ணாம்பு காரம். அமிலம் பட்ட இடத்துத் திசு இறுகி, அமிலம் மேற்கொண்டு உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். சுண்ணாம்போ ப்ளீச்சிங் பவுடரோ எருக்கம்பாலோ பட்டால் மருத்துவமனையை நோக்கி ஓடுவதற்கு முன் சுத்தமான தண்ணீரை 20 நிமிடமாவது கண்ணில் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கருவிழியில் கீறல் பட்டால் உள்ளே என்ன நடக்கிறது? முயலின் கருவிழி அரை மில்லிமீட்டர் கூட இல்லாத கண்ணாடிச் சவ்வு. ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதால் அதற்குள் ரத்தக் குழாய்களே கிடையாது. மேல்தோல் போன்ற அடுக்கு ஒன்று அதை மூடிக் காக்கிறது. அந்த அடுக்கு உரிந்தால் அடியில் உள்ள நரம்பு நுனிகள் திறந்துகொள்கின்றன, வலி கடுமையாகிறது. சுற்றியுள்ள செல்கள் நாலா பக்கத்திலிருந்தும் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடும். மேலோட்டமான கீறல் என்றால் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் அதற்குள் கிருமி நுழைந்துவிட்டால், ரத்தக் குழாய் இல்லாத இடத்துக்கு உடலின் காவல் செல்கள் வந்து சேர நேரமாகும். கிருமி சுரக்கும் நொதிகளும், தாமதமாக வந்து சேரும் காவல் செல்களின் நொதிகளும் சேர்ந்து கருவிழியின் நார்களைக் கரைக்கின்றன. புண் குழியாகி, குழி ஓட்டையாகிக் கண் உடைந்துபோகலாம். ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

இந்தக் கணக்கு மனிதக் கண்ணுக்கும் பொருந்தும். அதற்கான சான்று ராஜபாளையத்திலிருந்து அதிக தூரமில்லாத மதுரையிலேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து, முடிவை 1997இல் வெளியிட்டார்கள். அவர்களில் 65 சதவீதத்தினருக்குப் புண்ணுக்கு முன்பு கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்த்துப் பார்த்து உறுதி செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாக்டீரியா, ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சை. பூஞ்சைகளில் முதலிடம் பியூசேரியத்துக்கு. மண்ணிலும் பயிரிலும் செத்தையிலும் வாழும் பூஞ்சை அது. நம் வயல்களின் புல்லும் வைக்கோலும் கண்ணைக் கீறும்போது, கீறலோடு கிருமியையும் சேர்த்தே விட்டுச் செல்கின்றன என்பதை அந்த எண்கள் சொல்கின்றன.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. கருவிழியில் கீறல் பட்ட கிராமத்து மக்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பைத் தினம் மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. நேரம் தாழ்த்தி வந்தவர்களில்தான் சிலருக்குப் புண் வந்தது. இது மனிதர்களிடம் நடந்த ஆய்வு. ஆனால் ரத்தக் குழாய் இல்லாத கருவிழி மனிதருக்கும் முயலுக்கும் பொது, கீறலுக்கும் கிருமிக்கும் இடையே நடக்கும் ஓட்டமும் பொது. தலைப்பில் நான் சொன்ன ஒரு நாள் கெடு இங்கிருந்து வருகிறது.

பச்சையாக ஒளிரும் கீறல்

கால்நடை மருத்துவர் முயலின் கண்ணைப் பரிசோதிப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முயலைத் துண்டில் பொதிந்து மேசை மேல் உட்கார வைக்கிறார். நுனியில் ஆரஞ்சு நிறச் சாயம் ஏற்றிய மெல்லிய காகிதப் பட்டையை ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கீழிமையின் உட்புறம் லேசாகத் தொட வைக்கிறார். கண் முழுக்க மஞ்சள் படர்கிறது. சலைன் விட்டுக் கழுவுகிறார். விளக்கை அணைத்து, நீல ஒளி தரும் டார்ச்சை அடிக்கிறார். எதுவுமே தெரியாமல் பளபளத்த கருவிழியில் இப்போது மெல்லிய பிறைபோல ஒரு கோடு பச்சையாக ஒளிர்கிறது. அதுதான் கீறல்.

அந்தச் சாயத்தின் பெயர் ஃப்ளோரசீன். 1871இல் ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் தயாரித்தது. கருவிழியின் மேலடுக்கு முழுதாக இருந்தால் சாயம் உள்ளே இறங்காது, கழுவினால் போய்விடும். அடுக்கு உரிந்த இடத்தில் மட்டும் அடியில் உள்ள திசுவில் ஊறி நிற்கும். பச்சை வட்டத்தின் நடுவே சாயம் ஏறாத கரிய புள்ளி தெரிந்தால் அது அபாய அறிகுறி. புண் அடிச்சவ்வு வரை இறங்கிவிட்டது, கண் எந்த நேரமும் உடையலாம் என்று பொருள்.

அதே சாயம் இன்னொரு வேலையும் செய்கிறது. சில நிமிடங்களில் அந்தப் பக்கத்து மூக்குத் துளையில் மஞ்சள் ஈரம் தெரிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தெரிந்தால் கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் அடைப்பு இருக்கக்கூடும்.

சாயம் வைத்துப் பார்ப்பதற்கு முன் எந்தக் கண் மருந்தையும் விடக் கூடாது என்று நான் சொல்வது ஸ்டீராய்டை நினைத்துத்தான். மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்கும் மருந்தில் டெக்ஸாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ ப்ரெட்னிசோலோனோ கலந்திருக்கலாம். விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு குறையும், குணமாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் ஸ்டீராய்டு செல்கள் நகர்ந்து புண்ணை மூடுவதைத் தடுக்கிறது, உடலின் எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சை இருந்தால் அதற்கு வழிவிடுகிறது. முயலின் உடல் ஸ்டீராய்டால் எளிதில் பாதிக்கப்படும் உடல், கண்ணில் விடும் சொட்டிலிருந்தே உடம்பு முழுக்க நோய் எதிர்ப்புக் குறையலாம். வீட்டில் யாருக்கோ மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய மருந்து மிச்சமிருக்கிறது என்று அதை முயலுக்கு விடுவதும் இதே ஆபத்துதான்.

பாட்டிமார் வழியில் வந்த கைவைத்தியங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, தூசியை நாக்கால் எடுப்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் உரிந்துபோன கருவிழியில் இவை ஒவ்வொன்றும் கிருமிக்கு வாசல் திறந்துவிடும்.

கண்ணீர் வழியும் பல்லும்

முயலின் கண் எப்போதும் ஈரமாக இருக்கிறது, கன்னத்து ரோமம் கொட்டித் தோல் சிவந்திருக்கிறது, ஆனால் கருவிழியில் கீறல் இல்லை என்றால் நோயைத் தேட வேண்டிய இடம் வாய்.

நமக்கு மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக, ஒரு கண்ணுக்கு இரண்டு கண்ணீர்த் துளைகள். முயலுக்குக் கீழிமையில் ஒன்றுதான். அந்த ஒற்றைத் துளையிலிருந்து புறப்படும் குழாய், மேல்தாடைப் பற்களின் வேர்களை ஒட்டி, வீட்டுக் குழாயில் எல்போ வைத்தது போல இரண்டு இடங்களில் மடங்கி மூக்குக்குப் போகிறது. அந்த மடக்குகளில் குழாய் குறுகிவிடுகிறது. இரண்டாவது மடக்கு, முன்பல்லின் வேர் முடியும் இடத்துக்குப் பக்கத்தில்.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். புல்லில் உள்ள சிலிக்கா மணல் போலப் பல்லைத் தேய்க்கும், மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைத்து மெல்லும் அசைவும் சேர்ந்து வளர்ச்சியும் தேய்மானமும் சமமாக நிற்கும். பிஸ்கட், ரொட்டி, சோறு, கேரட் துண்டு என்று மென்மையாகவே கொடுத்து வந்தால் பல் தேயாது. மேலே வளர இடமில்லாமல் வேர் பின்னோக்கித் தாடை எலும்புக்குள் நீளும். நீண்ட வேர் கண்ணீர்க் குழாயை நசுக்கும். கண்ணீர் மூக்குக்குப் போக வழியின்றிக் கன்னத்தில் வழியும். தேங்கிய கண்ணீரில் கிருமி சேர்ந்து சீழாகும். உள்மூலையில் விரலால் மெல்ல அழுத்தினால் பால் போல வெள்ளைச் சீழ் அந்தத் துளையிலிருந்து வெளியே வரும்.

இதற்குச் சொட்டு மருந்து மட்டும் விட்டால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி வரும். மருத்துவர் கண்ணை மரக்கச் செய்து, மழுங்கிய நுனி கொண்ட மெல்லிய குழலை அந்தத் துளையில் நுழைத்துச் சலைன் செலுத்தி அடைப்பைக் கழுவுவார். தலையை எக்ஸ்ரே எடுத்தால் வேர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியும். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டி அது கண்ணுக்குப் பின்னால் பரவினால், ஒரு கண் மட்டும் வெளியே பிதுங்கத் தொடங்கும். முயலின் சீழ் தயிர்க்கட்டி போலக் கெட்டியானது, ஊசி போட்டு உறிஞ்சி எடுக்க முடியாது. அறுவை செய்துதான் ஆக வேண்டும், சில நேரம் கண்ணையே எடுக்க நேரும். பல ஆண்டு பிஸ்கட் கொடுத்த பாசம் கடைசியில் அந்தக் கண்ணில் வந்து முடியும் என்று நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. புல்லைக் கொடுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கூண்டின் காற்றும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியும்

இரண்டு கண்ணிலும் பீளை, கூடவே தும்மல், மூக்கில் சளி என்றால் பெரும்பாலும் பாஸ்டுரெல்லா, ஸ்டாபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. பல முயல்களின் மூக்கில் இவை தொந்தரவு செய்யாமல் குடியிருக்கும். கூண்டில் மூத்திரம் தேங்கி அம்மோனியா வாடை ஏறினால் கண்ணும் மூச்சுக்குழாயும் எரிந்து, எதிர்ப்பு தளர்ந்து, குடியிருந்தது நோயாக மாறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிய கூண்டுக்குள் குனிந்து மூக்கை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவும் பகலும் அங்கேயே இருக்கும் முயலுக்கு எப்படி இருக்கும்? தினம் கூண்டைத் துப்புரவாக்குவதும், சாரல் படாமல் காற்று மட்டும் போய்வர வழி வைப்பதும் எந்தச் சொட்டு மருந்தையும் விட நல்ல மருத்துவம்.

இமை ஓரத்திலும் மூக்கிலும் காதிலும் சாம்பல் நிறப் பொருக்குத் தட்டினால் அது சொறி உண்ணி. மருத்துவர் தரும் மருந்தில் தீரும். ராஜபாளையம் நாய் வளர்ப்புக்குப் பேர்போன ஊர், நாய் உண்ணிக்கு வாங்கிய ஸ்ப்ரே பல வீடுகளில் இருக்கும். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு அது விஷம்.

சில நோய்கள் வெளியிலிருந்து வருவதில்லை. கருமணிக்குள், கருவிழிக்குப் பின்னால், வெள்ளையாக ஒரு கட்டி தெரியும். சாயம் போட்டால் கீறல் இல்லை. முயல் நன்றாகத் தின்றுகொண்டிருக்கும். என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிரின் வேலையாக அது இருக்கலாம். 1922இல் ரைட், கிரெய்க்ஹெட் என்ற இருவர், கைகால் முடங்கிய முயல்களில் இதை முதலில் விவரித்தார்கள். இது இன்று பூஞ்சைகளின் உறவாகக் கருதப்படும் மைக்ரோஸ்போரிடியா கூட்டத்தைச் சேர்ந்தது. தாயின் வயிற்றிலேயே குட்டியின் கண் வில்லைக்குள் புகுந்து, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும். பிறகொரு நாள் வில்லையின் உறை கிழிந்து உள்ளிருக்கும் புரதம் கசியும். உடல் தன் புரதத்தையே அந்நியமாகக் கருதித் தாக்கும், அந்த அழற்சிதான் வெள்ளைக் கட்டி. ஃபென்பெண்டசோல் மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுப்பார்கள், தேவைப்பட்டால் வில்லையை அகற்றுவார்கள். நோயுள்ள முயலின் மூத்திரத்தில் இதன் வித்துகள் வெளியேறும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த மனிதர்களுக்கும் இது தொற்றக்கூடும் என்பதால், கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

முதலில், பார்ப்பது. தினமும் தீனி வைக்கும் நேரத்தில் இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இமை ஒரே அளவு திறந்திருக்கிறதா, கருவிழி மங்கலில்லாமல் பளபளக்கிறதா, கன்னத்து ரோமம் உலர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெள்ளை முயலின் கண் இயல்பாகவே சிவப்பு, அதில் நிறமி இல்லாததால் ரத்தத்தின் நிறம் தெரிகிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது இமையின் உட்புறச் சிவப்பும் வீக்கமும்தான்.

பீளை ஒட்டியிருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனில் காஸ் துணியை நனைத்து, சில நொடி ஒற்றி வைத்து ஊறவிட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துண்டு. பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணில் ஒட்டிக்கொள்ளும். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் காஸ் துணிக்கு என்ன பஞ்சம்? பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. பிறந்து இரண்டு வாரமாகியும் கண் திறக்காத குட்டிக்கும், இமைக்கு அடியில் புடைத்திருக்கும் குட்டிக்கும், வெதுவெதுப்பான சலைனில் நனைத்த இதே துணியை ஒற்றிக்கொண்டே இருந்தால் இமை இளகும். பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. உள்ளே சீழ் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண்ணில் குத்தி நிற்கும் எதையும் நீங்கள் பிடுங்காதீர்கள். முயலைத் தூக்கும்போது பின்பகுதியைத் தாங்கிப் பிடியுங்கள், அந்தரத்தில் உதைத்துத் துள்ளினால் அதன் முதுகெலும்பே முறியும். மருந்து விடும்போது துண்டில் பொதிந்து, பின்னாலிருந்து கையைக் கொண்டு போங்கள். மூக்குக்கு நேரே வரும் கை அதற்குத் தெரியாது, திடீரென்று தொட்டால் மிரளும். கீழிமையை லேசாக இழுத்தால் சிறு பை போல ஆகும், அதில் ஒரு சொட்டுப் போதும். இரண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பைக் கடைசியில் போடுங்கள்.

வாய்வழி மருந்தில் மிகுந்த கவனம் தேவை. நமக்குப் பழக்கமான அமாக்ஸிசிலினும் ஆம்பிசிலினும் முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியத்துக்கு இடம் கொடுத்து, கண்ணுக்காகக் கொடுத்த மாத்திரை உயிரையே எடுத்துவிடும். வலியால் தின்னாமல் கிடப்பதும் அதே அளவு ஆபத்து. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றுவருகிறது என்று பொருள். வலி நிவாரணி கேட்டு வாங்குவது முயலுக்குச் செய்யும் ஆடம்பரமல்ல, சிகிச்சையின் முக்கியமான பாதி.

கண்ணை எடுக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொல்லும் நிலை சிலருக்கு வரும். மனம் கேட்காதுதான். ஆனால் தீராத வலி தரும் கண்ணை எடுத்தபின் ஒற்றைக் கண்ணோடு முயல்கள் நன்றாகத் தின்று, விளையாடி, ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. பார்வையில்லாத பக்கத்திலிருந்து திடீரென்று தொடாமல், குரல் கொடுத்துவிட்டு நெருங்கினால் போதும்.

முயல் கண்ணுக்கு நாம் பட்ட கடன்

1944இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ், ஒரு பொருள் கண்ணுக்குத் தீங்கானதா என்று அறிய ஒரு சோதனையை வகுத்துத் தந்தார். முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி பெட்டியில் அடைத்து, ஒரு கண்ணில் பொருளை விட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்கு வைத்து, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் புண்ணை அளந்து மதிப்பெண் போடுவார்கள். ஷாம்பு, மை, சோப்பு என்று எத்தனையோ பொருள்களுக்காக முயல்கள் அந்தப் பெட்டிகளில் உட்கார்ந்தன. பெரிய கண், சாதுவான குணம், வலித்தாலும் கத்தாத வாய் எல்லாமே அதற்கு எதிராகப் போயின. 1980இல் ஹென்றி ஸ்பைரா நியூயார்க்கில் தொடங்கிய போராட்டம் அழகுசாதன நிறுவனங்களை மாற்று வழி தேட வைத்தது. இந்தியா 2014இல் அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதையும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. இன்று ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் கருவிழித் திசுவில் அந்தச் சோதனைகளில் பலவற்றைச் செய்ய முடிகிறது.

கருவிழிப் புண் எப்படி ஆறுகிறது என்பது பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு முயலின் கண்ணைப் பார்த்துக் கற்றது. அந்த அறிவு வீட்டு முயலுக்குத் திரும்பிக் கிடைக்க வேண்டாமா? அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஃப்ளோரசீன் பட்டையும் ஒரு நீல டார்ச்சும் இருக்க வேண்டும். முயல் விற்கும் கடைக்காரர் பெட்டியோடு ஒரு துண்டுச் சீட்டும் தர வேண்டும்: புல் கொடுங்கள், கண்ணைத் தினம் பாருங்கள், ஸ்டீராய்டு விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் ராஜபாளையத்திலேயே இருக்கிறது. மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தைத்தான் நாம் குறைக்க வேண்டும்.

பிள்ளைக்கு முயல் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதன் கண்ணைப் பார்க்கவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கட்டும். வலியைச் சொல்லத் தெரியாத உயிரின் வலியைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க உதவும்.